ஆடையை எழுதவும் ஆள் தேவை!

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பு, ஃபேஷன் இதழ்களின் ஆசிரியர் பகுதியில் பயிற்சிப் பணி. தலைப்பைக் கேட்டதுமே பெற்றோர் சிலருக்கு, "இதெல்லாம் நம்ம பிள்ளைங்களுக்கு எதுக்கு?" என்று தோன்றலாம். நியாயமான கேள்விதான். தோட்டப்புறத்தில் வளர்ந்த குடும்பங்களுக்கு ஆசிரியர் வேலை தெரியும், மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் வேலை தெரியும். ஆடையைப் பற்றி எழுதுவதற்கும் சம்பளம் கொடுப்பார்கள் என்பது பலருக்குப் புதுச் செய்தி. புதுச் செய்தி என்பதாலேயே அந்த வாசலில் போய் நிற்கும் தமிழ்ப் பிள்ளைகள் குறைவு.

மலாக்கா மாநிலத்தில் புக்கிட் ஆசகான், டைமண்ட் ஜூபிலி, செர்காம், காடேக், கெமுனிங் என்று தோட்டப்புறங்களிலும், ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா போன்ற சிறு பட்டணங்களிலும் வளர்ந்த மாணவி ஒருத்தி மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். கடைசிப் பருவத்தில் மூன்று மாதம் தொழிலியல் பயிற்சி கட்டாயம். மற்ற மாணவர்கள் வானொலி நிலையம், விளம்பர நிறுவனம் என்று எழுதிப் போடுகிறார்கள். அவளுக்கோ ஃபேஷன் இதழில் சேர ஆசை. அவளுக்கு முன்னால் இரண்டு தடைகள் இருக்கின்றன. ஒன்று, விண்ணப்பத்தில் என்ன எழுதுவது என்று சொல்லித்தர வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ ஆள் இல்லை. மற்றது, கோலாலம்பூரில் மூன்று மாதம் தங்கப் பணம் இல்லை. முதல் தடையை அவளே தாண்டலாம். இரண்டாவது தடையைத் தாண்ட மற்றவர்கள் கை கொடுக்க வேண்டும்.

அது என்ன வேலை?

ஃபேஷன் இதழ் என்றதும் மாடல் அழகிகளும் கேமராவும்தான் நினைவுக்கு வரும். 2006ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி டெவில் வேர்ஸ் பிராடா' படத்தைப் பார்த்தவர்களுக்கு, காப்பி வாங்க ஓடும் உதவியாளரும் நினைவுக்கு வருவார். ஆசிரியர் பகுதியில் நடப்பதில் பெரும்பங்கு சத்தமில்லாத வேலை. படப்பிடிப்புக்காகக் கடைகளிலிருந்தும் வடிவமைப்பாளர்களிடமிருந்தும் ஆடைகள் இரவலாக வரும். எத்தனை வந்தன, யாருடையவை, எந்தத் தேதியில் திரும்ப வேண்டும் என்று பட்டியல் போட வேண்டும். சுருக்கம் போக நீராவிப் பெட்டி பிடிக்க வேண்டும். கறை படாமல் திருப்பி அனுப்ப வேண்டும். படத்துக்குக் கீழே ஆடையின் பெயர், வடிவமைப்பாளர் பெயர், விலை, கிடைக்குமிடம் ஆகியவற்றைப் பிழையில்லாமல் எழுத வேண்டும். 189 வெள்ளி ஆடையை 89 வெள்ளி என்று அச்சிட்டுவிட்டால், மறுநாள் கடைக்காரருக்கும் வாசகருக்கும் பதில் சொல்ல வேண்டியது இதழ்தான். பேட்டி ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுவது, தொலைபேசியில் தகவலைச் சரிபார்ப்பது, இணையப் பக்கத்துக்கு முந்நூறு சொல்லில் செய்தி எழுதுவது எல்லாம் இதில் அடங்கும்.

ஆக, இந்த வேலைக்கு முதலில் வேண்டியது கவனம், அடுத்து மொழி, பிறகு துணியைப் பற்றிய அறிவு. அழகாக உடுத்தத் தெரிவது நல்லதுதான். ஆனால் அது மட்டும் இருந்தால் போதாது.

எங்கே விண்ணப்பிப்பது என்பதையும் யோசிக்க வேண்டும். 'ஹெர் வேர்ல்ட்' இதழ் 1960இல் தொடங்கிய காலத்திலிருந்து, ஆங்கில மகளிர் இதழ்கள் நம் நாட்டில் பல தலைமுறை வாசகிகளைக் கண்டவை. 2020 ஏப்ரலில், கோவிட் நெருக்கடியின்போது, அந்த இதழ் உட்படப் பல மகளிர், ஃபேஷன் இதழ்களை நடத்திவந்த புளூ இன்க் நிறுவனம் மூடப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, 2019 அக்டோபரில், பழம்பெரும் உத்துசான் நிறுவனம் கதவடைத்தது. அச்சு இதழ்களில் இடம் சுருங்கிவிட்டது என்பது உண்மை. ஆனால் வேலை அழிந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. இணைய இதழ்கள், ஆடை நிறுவனங்களின் சொந்தப் பக்கங்கள், இணையக் கடைகள், காணொலி தயாரிப்புக் குழுக்கள் என எல்லா இடத்திலும் ஆடையைப் பற்றித் தெளிவாக எழுதத் தெரிந்தவர் தேவைப்படுகிறார். ஒரே ஓர் இதழின் பெயரை மனத்தில் வைத்துக்கொண்டு காத்திருக்காமல், ஐந்தாறு இடங்களைப் பட்டியலிட்டு விண்ணப்பிப்பதே புத்திசாலித்தனம்.

விண்ணப்பத்தில் என்ன எழுதுவது?

பெரும்பாலான கடிதங்கள் ஒரே மாதிரி தொடங்குகின்றன. "சிறு வயதிலிருந்தே எனக்கு ஃபேஷனில் மிகுந்த ஆர்வம் உண்டு. உங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் பயிற்சி பெறுவதைப் பெருமையாகக் கருதுகிறேன்." இந்தக் கடிதத்தில் பெயரை மாற்றினால் எந்த மாணவியும் எந்த நிறுவனத்துக்கும் அனுப்பலாம். படிப்பவருக்கும் அது தெரியும். ஒரு நாளைக்கு இப்படிப்பட்ட கடிதங்களை நிறையப் பார்ப்பவர், இரண்டாவது வரியைத் தாண்ட மாட்டார்.

வேறு யாராலும் எழுத முடியாத கடிதத்தை மலாக்கா மாணவியால் எழுத முடியும். அவள் வளர்ந்த மண் அப்படிப்பட்டது.

நம் நாட்டில் மலாய்க்கார ஆடவர்களும் இந்திய முஸ்லிம்களும் அன்றாடம் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு மலாய் மொழியில் 'காயின் பெலிக்காட்' என்று பெயர். பெலிக்காட் என்பது எது? சென்னைக்கு வடக்கே இருக்கும் பழவேற்காடுதான். ஆங்கிலத்தில் புலிக்காட் என்றானது மலாயில் பெலிக்காட் ஆயிற்று. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய துணிகள் மலாக்காத் துறைமுகத்தில் வந்திறங்கிய காலம் ஒன்று இருந்தது. 1512 முதல் 1515 வரை மலாக்காவில் இருந்து எழுதிய போர்த்துக்கீசியர் தோமே பிரேஸின் குறிப்புகளில் இந்தியத் துணி வணிகம் விரிவாக இடம்பெறுகிறது. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் 1613இல் கோட்டை கட்டினார்கள், 1641இல் மலாக்காவைப் பிடித்தார்கள். தீவுகளில் மிளகும் சாதிக்காயும் வாங்க அவர்கள் கொண்டுபோன பண்டங்களில் முக்கியமானது சோழமண்டலத் துணி. பல்லாண்டுகளாகத் தந்தையும் தாத்தாவும் இடுப்பில் கட்டும் கைலிக்குள் இத்தனை வரலாறு மடிந்து கிடக்கிறது. எந்த ஃபேஷன் இதழ் இதை வேண்டாம் என்று சொல்லும்?

அடுத்து, மலாக்கா காஜா பெராங்கில் வாழும் செட்டி மக்கள். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்கு வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள். வழிபாடு இந்து சமயம், வீட்டில் பேசுவது மலாய், பெண்களின் மரபுடை கெபாயாவும் சாரோங்கும். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ கெபாயாவை மனிதகுலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, புருணை, தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் கூட்டாக முன்மொழிந்த ஆடை அது. கெபாயா என்றதும் நியோன்யா என்று எழுத நாட்டில் பலர் இருக்கிறார்கள். செட்டி வீட்டுப் பாட்டியின் கெபாயாவைப் பற்றி எழுத, அந்தத் தெருவுக்குப் பேருந்தில் போய் இறங்கக்கூடிய மாணவி முன்வர வேண்டும்.

மூன்றாவது, தோட்டம். 1896இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் ரப்பர் பயிரிட்டதுதான் மலாயாவின் வணிக ரப்பர்த் தோட்டத் தொழிலுக்குத் தொடக்கம். அதன் பின்னே தோட்டங்களுக்கு வந்த தமிழ்ப் பெண்கள் விடியுமுன் பால்மரம் வெட்டப் போகும்போது என்ன உடுத்தினார்கள்? கொசுக்கடிக்கும் ரப்பர்ப் பாலின் கறைக்கும் ஏற்றபடி சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டார்கள், தலையில் துணி கட்டினார்கள். வேலைக்கு ஒரு சேலை, கோயில் திருவிழாவுக்கு ஒரு சேலை என்று பிரித்து வைத்தார்கள். தீபாவளிக்கு முன்பு லயத்தில் தையல் இயந்திரம் வைத்திருந்த அக்கா வீட்டில் இரவெல்லாம் விளக்கெரியும். ஒரே நிறத் துணியில் மூன்று சகோதரிகளுக்குப் பாவாடை சட்டை தைத்ததெல்லாம் குடும்பப் படங்களில் இருக்கிறது. அந்தப் பழைய படங்களை எடுத்து வைத்து, அம்மாவிடமும் பாட்டியிடமும் கேட்டு, நானூறு சொல்லில் எழுதினால் அதுவே விண்ணப்பத்தோடு இணைக்கத் தகுந்த மாதிரிக் கட்டுரை.

ஆகவே கடிதம் ஒரே பக்கம் இருக்கட்டும். முதல் வரியில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை பயிற்சி, எந்தக் கல்லூரி என்பதைச் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது பத்தியில் அந்த இதழ் அண்மையில் வெளியிட்ட ஒரு கட்டுரையைக் குறிப்பிட்டு, அதில் எது பிடித்தது, எது விடுபட்டது என்று இரண்டு வரி எழுத வேண்டும். மூன்றாவது பத்தியில், தன்னால் எழுத முடிந்த இரண்டு கட்டுரை யோசனைகள். மாதிரிக் கட்டுரைகள் இரண்டு அல்லது மூன்று போதும். படம் யார் எடுத்தது என்று குறிப்பிட வேண்டும், படத்தில் இருப்பவரிடம் அனுமதி வாங்க வேண்டும். ஆசிரியர் பெயரில் எழுத்துப் பிழை கூடாது. பெயரைச் சரியாக எழுதாதவரிடம் விலைப்பட்டியலை யார் ஒப்படைப்பார்கள்? இரண்டு வாரம் பதில் வரவில்லையென்றால், பணிவாக ஒரு நினைவூட்டல் அனுப்புவதில் தவறில்லை.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் தெரியும் என்பதைத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் சுயவிவரத்தின் கடைசி வரியில் ஒளித்து வைக்கிறார்கள். அதை மேலே கொண்டுவர வேண்டும். மலாய்க்காரத் தையற்காரரிடம் மலாயிலும், நிறுவன மேலாளரிடம் ஆங்கிலத்திலும், லிட்டில் இந்தியா துணிக்கடை அண்ணாச்சியிடம் தமிழிலும் பேசி ஒரே நாளில் செய்தி சேகரிக்கக்கூடியவர் எந்த ஆசிரியர் பகுதிக்கும் பயன்படுவார்.

தையற்காரர் மகன்

"நம்ம நிறத்துக்கும் நம்ம ஊருக்கும் அங்க இடம் கொடுப்பாங்களா?" என்ற தயக்கம் பிள்ளைகளிடம் உண்டு. லண்டன் உதாரணம் ஒன்று பயன்படும். கானா நாட்டில் 1972இல் பிறந்தவர் எட்வர்ட் எனின்ஃபுல். அவருடைய அம்மா தையற்காரர். குடும்பம் லண்டனுக்குக் குடியேறியது. அம்மாவின் தையல் வேலையைப் பார்த்து வளர்ந்த அந்தப் பையன், 18 வயதிலேயே 'ஐ-டி' இதழின் ஃபேஷன் இயக்குநரானார். 1916இல் தொடங்கிய பிரிட்டிஷ் 'வோக்' இதழுக்கு 2017இல் ஆசிரியரானார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவரே. 2024 வரை அவர் நடத்திய இதழின் அட்டையில், அதுவரை இடம் கிடைக்காத நிறங்களுக்கும் வயதுகளுக்கும் இடம் கிடைத்தது. யார் ஆசிரியர் மேசையில் அமர்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் யார் படத்தில் வருகிறார்கள் என்பது அமைகிறது. தீபாவளி மாதத்தில் மட்டும் ஒரு தமிழ் முகத்தை அட்டையில் பார்த்துத் திருப்திப்படுவதா, ஆண்டு முழுவதும் அந்த முடிவை எடுக்கும் அறையில் ஒரு நாற்காலி பிடிப்பதா? பயிற்சிப் பணி என்பது அந்த அறையின் வாசற்படி.

"சம்பளம் எவ்வளவும்மா?"

இனி, கடினமான பகுதி. மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வீட்டில் நடக்கும் பேச்சு இப்படித்தான் இருக்கும்.

"சம்பளம் எவ்வளவும்மா?"

"சம்பளம் இல்லப்பா. அலவன்ஸ் கொடுத்தா கொடுப்பாங்க."

"வேலை வாங்கிட்டுச் சம்பளம் கொடுக்காம இருப்பாங்களா? தோட்டத்திலகூட அப்படி இல்லையேம்மா!"

அப்பா கேட்பதில் தவறே இல்லை. கூலிக்காகப் பல தலைமுறை போராடிய குடும்பம் அது. நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025இல் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. ஆனால் கல்லூரி அனுப்பும் பயிற்சி மாணவர் தொழிலாளர் கணக்கில் வருவதில்லை. அவருக்குக் கிடைப்பது நிறுவனம் விரும்பிக் கொடுக்கும் உதவித்தொகைதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மலாக்கா சென்ட்ரலிலிருந்து கோலாலம்பூருக்குப் பேருந்தில் இரண்டு மணி நேரப் பயணம். தினமும் போய்வர முடியாது, தங்கித்தான் ஆக வேண்டும். பகிர்ந்துகொள்ளும் அறைக்கு மாதம் 450 வெள்ளி, சாப்பாட்டுக்கு நாளுக்கு 20 வெள்ளி வீதம் 600, ரயிலுக்கும் பேருந்துக்கும் மாதப் பயண அட்டை 50, தொலைபேசிக்கும் ஊருக்கு வந்துபோகவும் 100 என்று வைத்துக்கொண்டால் 1,200 வெள்ளி ஆகிறது. மூன்று மாதத்துக்கு 3,600. உதவித்தொகை 500 கிடைத்தாலும், கையிலிருந்து 2,100 வெள்ளி போட வேண்டும். ஒன்றுமே கிடைக்காவிட்டால் 3,600ம் அப்பாவின் தலையில். தலைநகரில் சொந்த வீடு உள்ள மாணவிக்கு இந்தச் செலவில் பெரும்பகுதி இல்லை. இருவரும் ஒரே தரத்தில் எழுதினாலும், யார் அந்த நாற்காலியில் உட்காருவார் என்பதை இங்கே திறமை முடிவு செய்வதில்லை.

இந்தப் பிரச்சினை மலேசியாவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 'வோக்', 'டபிள்யூ' ஆகிய இதழ்களை அப்போது வெளியிட்டுவந்த காண்டே நாஸ்ட் நிறுவனத்தின் மீது, 2013இல் முன்னாள் பயிற்சியாளர் இருவர் வழக்குத் தொடுத்தனர். தங்களுக்கு மணிக்கு ஒரு டாலர்கூடக் கிடைக்கவில்லை என்பது அவர்களின் புகார். நிறுவனம் அதே ஆண்டில் பயிற்சித் திட்டத்தையே நிறுத்தியது. 2014இல் ஆயிரக்கணக்கான முன்னாள் பயிற்சியாளர்களுக்காக 58 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. கேள்வி கேட்டதால் பழைய பயிற்சியாளர்களுக்குக் காசு கிடைத்தது, புதியவர்களுக்கு வாசல் அடைபட்டது. இரண்டு பக்கமும் பார்க்க வேண்டிய வழக்கு அது.

நம் நாட்டில் வேறொரு வழி முயலப்பட்டது. 2012ஆம் வரி மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, முறைப்படுத்தப்பட்ட பயிற்சித் திட்டத்தில் மாணவரைச் சேர்க்கும் நிறுவனங்களுக்கு வருமான வரியில் இரட்டைக் கழிவு அறிமுகமானது. குறைந்தது பத்து வாரப் பயிற்சி, மாதம் 500 வெள்ளிக்குக் குறையாத உதவித்தொகை என்பவை அப்போதைய நிபந்தனைகள். இதைக் கவனித்துவரும் அரசு அமைப்பு டேலண்ட்கார்ப். எனவே மாணவி, "உங்கள் நிறுவனம் டேலண்ட்கார்ப் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா? மாத உதவித்தொகை எவ்வளவு?" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நேர்முகப் பேட்டியின் இறுதியில், இடம் உறுதியாகும் நேரத்தில், மரியாதையாகக் கேட்கலாம். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய முடியுமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.

ஊரிலிருந்தே எழுதலாம்

தலைநகருக்குப் போனால்தான் பயிற்சியா? தமிழ்நாட்டில் ஆனந்த விகடன் நிறுவனம் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் என்ற ஒன்றை 1980களிலிருந்து நடத்தி வந்திருக்கிறது. கல்லூரி மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, அவர்கள் படிக்கும் ஊரிலிருந்தே செய்தி எழுத வைத்தார்கள். சிறு ஊர்ப் பிள்ளைகள் பலர் அந்த வழியாகப் பத்திரிகை, சினிமா, இலக்கியம் என்று உள்ளே வந்தார்கள். சென்னையில் வீடு இல்லை என்பது அவர்களைத் தடுக்கவில்லை.

இங்கே உள்ள தமிழ் நாளிதழ்களும் இணைய இதழ்களும் அதே போன்ற வழியை யோசிக்கலாம். மலாக்காவிலிருந்து மாதம் இரண்டு கட்டுரை அனுப்பும் மாணவிக்கு ஒரு சிறு தொகையும் ஒரு சான்றுக் கடிதமும் கொடுத்தால், அவள் பெரிய இதழுக்கு விண்ணப்பிக்கும்போது கையில் அச்சான எழுத்து இருக்கும்.

பிறகு, பொது அமைப்புகள். கோயில் நிர்வாகங்களும், இளைஞர் மன்றங்களும், தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கங்களும் ஆண்டுதோறும் கல்வி நிதி கொடுக்கின்றன. பாராட்ட வேண்டிய பணி. அந்த உதவி பெரும்பாலும் கல்லூரியில் நுழையும் நாளில் கிடைக்கிறது. பயிற்சிக்காலத்தில் ஒரு மாணவிக்கு 2,000 வெள்ளி கிடைத்தால், அது அவளுடைய முதல் வேலையையே தீர்மானிக்கலாம். கல்வி நிதியில் ஒரு சிறு பகுதியைப் பயிற்சிக்கால உதவி என்று ஒதுக்கினால் என்ன? கோலாலம்பூரில் வாழும் மலாக்காக்காரர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு பிள்ளைக்கு வீட்டில் ஓர் அறை கொடுத்தால், பணம் கொடுத்தது போலவே ஆகும். முன்பெல்லாம் பட்டணத்துக்குப் படிக்க வந்த பிள்ளைகள் சித்தப்பா வீட்டிலும் மாமா வீட்டிலும் தங்கித்தானே படித்தார்கள்?

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். "துணிமணியைப் பத்தி எழுதுறதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்பதற்கு முன், அந்த இதழை ஒருமுறை மகளோடு உட்கார்ந்து புரட்டிப் பாருங்கள். எந்தப் பக்கத்தை அவள் எழுத முடியும் என்று கேளுங்கள். உதவித்தொகை எவ்வளவு, எங்கே தங்குவாள், இரவில் எத்தனை மணிக்கு வேலை முடியும் என்பதையும் கேளுங்கள். எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள்தான். பதில் சரியாக இருந்தால் அனுப்பி வையுங்கள்.

மாணவர்களுக்குச் சொல்வது இதுதான். விண்ணப்பம் எழுத உட்காரும் முன், வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். பாட்டியின் சேலை, தாத்தாவின் கைலி, அம்மா தைத்த சட்டை என்று எதையாவது ஒன்றை எடுத்து, அது எங்கே வாங்கியது, யார் நெய்தது, எதற்காக உடுத்தியது என்று விசாரித்து எழுதுங்கள். இந்த வாரமே ஒரு பக்கம் எழுதிவிட்டால், அடுத்த வாரம் அனுப்புவதற்கு ஒரு கட்டுரை கையில் இருக்கும்.